என் வீட்டுக்காரரின் மியூசியம்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது ஓர் ஐப்பசிக் காலையில், முகம் மழித்துக்கொண்டிருந்தபோது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு கூடத்துக்கு வந்து நின்றார். என்னிடம் எதையோ கேட்க வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. வலது கை தோளிலிருந்து தொங்கிப் போயிருந்தது. கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கும், அங்கிருந்து புதுச்சேரிக்கும் ஆம்புலன்ஸில் போனோம். வழியெல்லாம் மழை. மூன்று வாரம் கழித்து வீடு திரும்பியபோது அவருக்கு நடக்க ஓர் ஆள் துணை வேண்டியிருந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.

"அப்பறம்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் அப்பறம்தான். மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாலும் அப்பறம்தான். மூளையில் பேச்சுக்கான இடம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். "அவருக்கு நீங்க பேசுறது எல்லாம் புரியுது. எப்பவும் போல பேசுங்கம்மா" என்றார். எப்பவும் போல என்றால் என்ன என்று நான் யோசித்துப் பார்த்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் பேசிக்கொண்டது சாப்பாட்டைப் பற்றியும், மகளைப் பற்றியும், அவருடைய மியூசியத்தைப் பற்றிய சண்டையும்தான்.

மியூசியம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காரைக்கால் டவுனில், ஆற்றுக்குப் போகிற தெரு ஒன்றில், பழைய சாமான் கிடங்காக இருந்த இரண்டு அறைகள். கட்டடம் அரசாங்கத்துடையது. இவர் நடையாய் நடந்து வருஷ வாடகைக்கு எழுதி வாங்கியிருந்தார். வாசலில் 'காரைக்கால் வட்டார அருங்காட்சியகம்' என்று நீலப் பலகை. அந்தத் தெருவில் அதை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பழைய சாமான் வூடு என்றுதான் சொல்வார்கள்.

அவர் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். குரும்பகரம் வயல்களிலும் நெரவித் தெருக்களிலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். அளக்கப் போன வீடுகளில் மூலையில் கிடக்கும் எதையாவது பார்த்துவிட்டால் போதும். "இத என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்பார். பாதிப் பேர் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் பிரெஞ்சுக் காலத்துப் பத்திரப் பெட்டி வந்தது, கப்பல் விளக்கு வந்தது, நெல் அளக்கிற மரக்கால் வந்தது. கடல் வியாபாரம் பண்ணிய ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பினாங்கிலிருந்து வந்த கற்பூர மரப்பெட்டியைக் கொடுத்தார்கள். அதை நாலு ஆள் தூக்கி வந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நம்பர், ஒரு பதிவேடு. கொடுத்தவர் யார், எந்தத் தெரு என்று அதில் எழுதியிருப்பார். பொருள் என்ன என்பதைத் தலைக்குள்ளேயே வைத்திருந்தார். யாராவது வந்தால் பக்கத்தில் நின்று அவரே சொல்வார். லேபிள் எழுது எழுது என்று சொன்னவர்களிடமெல்லாம் எழுதலாம் எழுதலாம் என்றார்.

நான் மின்துறையில் வேலை பார்த்தேன். கட்டணக் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம். கோட்டுச்சேரியிலிருந்து பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் எங்களுக்குச் சேர்ந்தாற்போலக் கிடைக்கும். அதையும் அந்த இரண்டு அறை எடுத்துக்கொண்டது. அவர் ஓய்வு பெற்று வந்த பணத்தில் அலமாரிகள் செய்தார். திறப்பு விழாவுக்குப் போனேன், கேசரி கிளறிக்கொண்டு போனேன். அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவர் கூப்பிட்டும் போகவில்லை. அப்புறம் அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

தை பிறந்ததும் ஒரு தபால் வந்தது. புதுச்சேரியில் இருக்கும் துறை அலுவலகத்திலிருந்து. மியூசியத்துக்கு வருஷா வருஷம் ஒரு சின்ன மானியம் வந்துகொண்டிருந்தது. நிறுவனம் தொடர்ந்து திறந்திருக்கிறதா, பொதுமக்கள் வருகிறார்களா என்று நேரில் பார்த்த பிறகுதான் மானியம் நீட்டிக்கப்படும், பங்குனியில் அதிகாரி வருவார் என்று எழுதியிருந்தது. அதே வாரத்தில் கட்டட விஷயமாகக் காரைக்கால் அரசு அலுவலகத்திலும் கூப்பிட்டார்கள். மூன்று மாதமாகப் பூட்டிக்கிடக்கும் கட்டடத்தை வேறு காரியத்துக்குக் கேட்கிறார்கள் என்றார் அங்கிருந்த எழுத்தர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "சாருக்கு முடியாம இருக்கு. நீங்களும் எவ்வளவுன்னு பாப்பீங்க? ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நாங்களே சாவிய வாங்கிக்கிறோம்மா" என்று மெதுவாகத்தான் சொன்னார்.

எனக்கு அன்றைக்கு மனசு லேசானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

சின்ன ஊர். மறுநாளே விஷயம் பரவிவிட்டது. பொருள் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போன் பண்ண ஆரம்பித்தார்கள். எங்க தாத்தா கடிகாரத்த வாங்கிக்கலாமா, எங்க வெத்தலப் பெட்டிய குப்பையில போட்டுடப் போறாங்க என்றார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிசியோதெரபிக்காரப் பையனை இவரிடம் உட்காரவைத்துவிட்டு நான் டவுனுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே எலிப் புழுக்கை வாசனை. மழையில் கூரையின் ஒரு மூலை ஒழுகி, சுவரில் பச்சையாகப் பாசி.

முதலில் வந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதைத் தொடுகிற வயசு. பிரெஞ்சுச் சிப்பாயை எங்கள் ஊரில் சொல்தா என்போம், அவர் வீடு சொல்தா வீடு. அவருடைய அப்பாவும் அதே பட்டாளத்தில் சைகோன் வரை போனவர். அப்பாவின் கம்பளிக் கோட்டைத்தான் மியூசியத்துக்குக் கொடுத்திருந்தார். பித்தளைப் பொத்தான்கள் வைத்த கனமான கோட்டு. காரைக்கால் வெயிலில் அதைப் பார்த்தாலே வேர்க்கும்.

"தப்பா நினைக்காதீங்க தங்கச்சி" என்றார். "தம்பி நல்லா இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். எவனாவது தூக்கி வெளியில போட்டுட்டா எனக்குத் தாங்காது."

பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கோட்டை மடிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். அவருக்குப் பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். கற்பூரப் பெட்டி வீட்டுப் பெண் மட்டும் போனில், "எங்க வூட்டு ஆம்பளைங்க எல்லாரும் சபுர்ல இருக்காங்க லாத்தா, துபாயிலேந்து வந்தா தூக்கப்போறாங்க? அது பாட்டுக்கு அங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்தது. இன்னும் யாருடையது இருக்கிறது என்று பதிவேட்டை வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகப் பார்த்து வந்தேன். இரண்டாவது அறையில், ஜன்னலை ஒட்டின அலமாரியின் கீழ்த் தட்டில், என்னுடைய சாப்பாட்டுக் கேரியர் இருந்தது.

எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றடுக்கு எவர்சில்வர். கைப்பிடி ஒரு பக்கம் வளைந்திருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஒருமுறை விழுந்து நடு அடுக்கில் ஒரு சொட்டை. அதற்கு முன்னால் ஓர் அட்டை. அந்த மியூசியம் முழுக்க லேபிள் எழுதி வைத்திருந்த ஒரே பொருள் அதுதான். அவருடைய சின்னச் சின்ன சர்வேயர் எழுத்து.

'மின்துறைக் கட்டணக் கவுண்டர் ஊழியர் ஒருவரின் கேரியர். இருபத்தெட்டு ஆண்டுகள் தினமும் உபயோகத்தில் இருந்தது. கீழ் அடுக்கு சோறு. நடு அடுக்கு குழம்பு. மேல் அடுக்கு பெரும்பாலும் காலி. பொரியலை வீட்டில் இருப்பவர்களுக்கு வைத்துவிட்டுப் போய்விடுவார்.'

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அது காலியாக இருந்ததை அவர் கவனித்திருப்பார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வேறொன்று ஞாபகம் வந்தது. நான் ஓய்வு பெற்ற மறு வருஷம், மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாப்பாடு கொண்டுபோகப் பரணில் கேரியரைத் தேடினேன். இல்லை. அப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க நெரவியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக வந்தவள். அவளிடம் கேட்டேன். நான் எடுக்கவில்லை அக்கா என்றாள். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாள் கேட்கவில்லை. ஆனால் சாமான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன், அவள் எதிரிலேயே. அந்த மாதக் கடைசியில் உடம்பு முடியவில்லை என்று நின்றுவிட்டாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

கேரியரைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாய்வு நாற்காலியில் இருந்தவரின் மடியில் வைத்தேன்.

"இத நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?"

பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இடது கையால் கேரியரைத் திருப்பி, சொட்டை முன்னால் தெரியும்படி வைத்தார். அலமாரியிலும் அப்படித்தான் வைத்திருந்தார்.

"ஏங்க, இதுக்காக நான் அந்தப் புள்ளய சந்தேகப்பட்டேங்க. அதான் நின்னுபோச்சு அது" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்பறம்?"

அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ தெரியாது. எனக்கு அது கேள்வியாகத்தான் கேட்டது.

இரண்டு நாள் கழித்து நெரவிக்குப் பஸ் ஏறினேன். வீடு கண்டுபிடிக்க ஒன்றும் சிரமமில்லை. அந்தத் தெருவில் எந்த மீட்டர் எந்த வீடு என்பது எனக்கு இன்னும் மனப்பாடம். அவள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கக்கா. சாருக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். வரணும்னுதான் இருந்தேன்."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பையிலிருந்து கேரியரை எடுத்துத் தரையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மியூசியத்துல இருந்துச்சு" என்றேன். "அவருதான் எடுத்துட்டுப் போயிருக்காரு."

"தெரியுங்கக்கா."

"தெரியுமா?"

"சாரு சைக்கிள்ல மாட்டி எடுத்துட்டுப் போறத நான் பாத்தேன்ல. அக்காகிட்ட சொல்லாதன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ஏதோ ஆசையா பண்றாரு, நாம ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன். நீங்க கேட்டப்ப சொல்லியிருப்பேன். ஆனா நீங்க பாத்தியான்னு கேக்கலக்கா. எடுத்தியான்னு கேக்குற மாதிரி இருந்துச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சிடு என்று சொன்னேனா, வாய்க்குள்ளேயே போய்விட்டதா, ஞாபகமில்லை. உளுந்து உமி ஒட்டின விரல்கள். அவள் கையை இழுத்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் விட்டாள். பிறகு டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

டீ குடிக்கும்போது மியூசியத்தை மூடப்போவதைச் சொன்னேன். அவள் யோசித்தாள்.

"அதுல என்னல்லாம் இருக்கு?"

சொன்னேன். பத்திரப் பெட்டி, விளக்கு, சொல்தா கோட்டு, கற்பூரப் பெட்டி.

"எங்க தெரு சாமான் எதாவது இருக்கா?"

பதிவேட்டை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். நெரவியிலிருந்து வந்தது இரண்டு. இரண்டும் பெரிய வீட்டுப் பொருள். இல்லை என்றேன்.

எழுந்து உள்ளே போனவள் கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. நீலக் கட்டம் போட்டது, வெளுத்து வெள்ளையாகிவிட்டது. நடவுக்கும் களைபறிக்கவும் போகிற பெண்கள் புடவைக்கு மேலே இப்படி ஒரு சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். மணிக்கட்டில் இரண்டு பக்கமும் சேற்றுக் கறை, துவைத்துத் துவைத்துத் துருப்பிடித்த நிறத்தில்.

"இத வச்சிக்குவாரா சாரு?" என்று கேட்டாள்.

அவளையே கூட்டிக்கொண்டு கோட்டுச்சேரிக்கு வந்தேன். இவர் சட்டையை மடியில் விரித்து, இடது கையால் காலரைத் தடவி, ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் இருந்ததைக் கண்டுபிடித்து அதையே தொட்டுத் தொட்டுக் காட்டினார். பேச்சிருந்த காலத்தில் அந்தப் பொத்தானைப் பற்றி அரை மணி நேரம் கேள்வி கேட்டிருப்பார். அவள், "அது சோடா கடைக்காரரு சட்டையிலேந்து புடுங்கித் தச்சது சாரு" என்றாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். அந்தச் சிரிப்பில்தான், கடிதம் எழுதிக்கொடுக்கப் போவதில்லை என்று தீர்மானித்தேன். பெரிய யோசனை ஒன்றும் செய்யவில்லை.

அப்புறம் வேலை இருந்தது. முதலில் சொல்தா வீட்டுக்குப் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். அவர் கேட்டுவிட்டு மேலே மாட்டியிருந்த கோட்டைப் பார்த்தார்.

"தர்றேன் தங்கச்சி. ஆனா கோட்ட தனியா வுடமாட்டேன். நானும் வந்து உக்காருவேன். ஒத்துக்கிட்டா எடுத்துட்டு வர்றேன்."

இப்படித்தான் மியூசியத்துக்குக் காவலாள் கிடைத்தார். காலை பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பன்னிரண்டரைக்கு மணி அடித்தது போல எழுந்து சாப்பிடப் போவார். வருகிறவர்களுக்குச் சில சமயம் 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார்.

கூரை ஒழுகலை அடைக்கவும் கட்டடத்தைத் தக்கவைக்கவும் ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு மனு கொடுத்தால் நல்லது என்று அந்த எழுத்தரே சொல்லிக்கொடுத்தார். தெருத் தெருவாகப் போனேன். நிறையப் பேர், "மியூசியமா? அது எங்க இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். ஆனால் என்னைத் தெரிந்திருந்தது. "நீங்க கரண்டு பில் அம்மா தானே?" என்றார்கள். பில் கட்டவில்லை என்று ஃபியூஸைப் பிடுங்க வந்தபோது இரண்டு நாள் தவணை வாங்கிக்கொடுத்ததை ஒருத்தி ஞாபகம் வைத்திருந்தாள். மியூசியத்துக்காக இல்லை, எனக்காகப் போட்ட கையெழுத்துகள் அவற்றில் பாதி. ஒரு டீக்கடைக்காரர் போடமாட்டேன் என்றார். "எங்க தெரு சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி நாங்க கொடுத்த மனு என்னாச்சுன்னு தெரியல. பழைய சாமானுக்குக் காசு கேக்குறீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. சாக்கடை மனுவில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

என் பழைய ஆபீசுக்கும் போனேன். மியூசியத்துக்குக் கடைக்குப் போடுகிற விகிதத்தில் கரண்டு பில் போட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கிற முகத்தோடு இருந்தேனா என்பது வேறு விஷயம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்து மாற்றினேன்.

நெரவிப் பெண்ணின் சட்டையை ஒரு ஹாங்கரில் மாட்டிக் கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். அந்த யோசனை அவளுடையது. அடுத்த சந்தை நாளில் அவளோடு நடவுக்குப் போகிற பெண்கள் ஆறு பேர் கூடைகளோடு வந்து நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சட்டையைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "எஞ்சட்டய பாத்தா நீங்க கண்ணாடிப் பொட்டியில வச்சிருப்பீங்க" என்றாள் ஒருத்தி. மறு வாரம் இன்னும் சிலர். கற்பூரப் பெட்டி வீட்டுப் பெண்ணும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். பெட்டியில் வாசனை இன்னும் இருந்தது. திருப்பி எடுத்துப் போனவர்களில் நாலைந்து பேர் தாமாகவே கொண்டுவந்து வைத்தார்கள். கடிகாரம் வரவில்லை. அவர்கள் அதை விற்றுவிட்டார்கள்.

பங்குனியில் அதிகாரி வந்தார். நடுவயதுப் பெண்மணி. புதுச்சேரியிலிருந்து ஜீப்பில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அன்றைக்கு இவரையும் ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போயிருந்தேன். உடம்பு முடியாமல் போன பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு அலமாரியாக உற்றுப் பார்த்தார். காலி இடங்களையும் பார்த்தார். கடிகாரம் இருந்த இடத்தில் தூசியில் ஒரு வட்டம் இருந்தது. அதை இடது கை விரலால் சுற்றித் தடவினார்.

அதிகாரி பதிவேடுகளைக் கேட்டார், கொடுத்தேன். திறந்திருக்கும் நேரம், வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார், சொன்னேன். தீயணைப்புக் கருவி உண்டா என்றார், இல்லை என்றேன். எழுதிக்கொண்டே வந்தவர் சட்டைக்கு முன்னால் நின்றார்.

"இது எந்தக் காலத்துது?"

நெரவிப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இந்தக் காலத்துதுதாங்க" என்றாள். "போன சம்பா நடவுக்குக்கூட போட்டேன். தாளு கைய அறுக்கும்ங்க, வெயிலு வேற. எங்க வூட்டுக்காரரு சட்ட. அவரு போட்டது கொஞ்ச நாளு, நான் போட்டது நெறய நாளு."

"அவர் இப்ப…?"

"இல்லீங்க. ஆறு வருஷம் ஆவுது."

எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வேலையை விட்டு நின்ற அதே சமயம். உடம்பு முடியவில்லை என்று அவள் சொன்னது யாருக்கு என்று நான் கேட்டதேயில்லை.

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு என்னிடம் தணிந்த குரலில், "எங்க விதியில இதுக்கெல்லாம் எடம் இல்லம்மா. பழைய பொருளுக்குத்தான் மானியம். நான் பாத்தத அப்படியே எழுதுறேன். மேல என்ன சொல்வாங்கன்னு தெரியாது" என்றார். போகும்போது இவர் நாற்காலிக்குக் குனிந்து, "வர்றேங்க ஐயா" என்றார். "அப்பறம்" என்று இவர் தலையாட்டினார். அவர் அதை மறுபடி வரச் சொல்வதாக எடுத்துக்கொண்டு, "கண்டிப்பா வர்றேன்" என்றார்.

அவர் ஜீப் கிளம்பின பிறகு நான் நெரவிப் பெண்ணிடம் போனேன். "ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க அப்ப பேரன் பொறந்த சந்தோஷத்துல இருந்தீங்கக்கா" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டோம். பொரியல் எல்லாருக்கும் இருந்தது.

வைகாசியில் பதில் வந்தது. வருஷ மானியம் இல்லை. விதிமுறைகளுக்குள் வரவில்லை என்று ஒரே வரி. ஆனால் கூரையைப் பழுது பார்க்க ஒருமுறை மட்டும் ஒரு தொகை தரலாம் என்று அந்த அதிகாரி பரிந்துரைத்திருந்தார், அது கிடைத்தது. கட்டடத்தை இன்னும் ஒரு வருஷத்துக்கு விட்டுவைத்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி கேட்க வேண்டும். ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது. சொல்தா அண்ணன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஒரு வருஷம்னா ஒரு வருஷம். என் வயசுக்கு அதுவே ஜாஸ்தி" என்றார்.

ஆனியில் மாங்கனித் திருவிழா வந்தது. சாமி ஊர்வலம் வருகிற தெருவுக்கு அடுத்த தெருவில்தான் மியூசியம். முன்பெல்லாம் திருவிழா அன்றைக்கு இவர் மியூசியத்தைப் பூட்டிவிடுவார், கூட்டத்தில் ஏதாவது உடைந்துவிடும் என்று. இந்த வருஷம் திறந்துவைப்போம் என்று நெரவிப் பெண் சொன்னாள். ஒரு அண்டாவில் மோர் கரைத்து வைத்தோம். வெயில் ஏற ஏற ஜனங்கள் மின்விசிறிக்காக உள்ளே வந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள் கற்பூரப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். வயசானவர்கள் காலை நீட்டிக்கொண்டு சுவரில் இருந்தவற்றைப் பார்த்தார்கள், இது எங்க வூட்ல இருந்துச்சு, அது எங்க வூட்ல இருந்துச்சு என்று பேசிக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் எழுதச் சொல்ல எனக்குக் கை ஓயவில்லை. ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிற நேரத்தில் எல்லோரும் எழுந்து ஓடினார்கள். அறை காலியானது. நானும் இவரும்தான். தூரத்தில் இரைச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். யாரென்று எங்களுக்குத் தெரியாது, திருமலைராயன்பட்டினம் பக்கம் போல. மடியில் மூன்று பழம் பிடித்து வைத்திருந்தாள். ஒன்றை எடுத்து இவர் இடது கையில் வைத்தாள்.

"சாப்புடுங்கய்யா. காலையிலேந்து இங்கயேதான உக்காந்திருக்கீங்க."

மோரை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். இவர் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே விழுந்து ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. நான் அதைக் கழுவி, காம்பைக் கிள்ளிக் கொடுத்தேன். சாறு மணிக்கட்டு வழியாக முழங்கை வரை வடிய வடியச் சாப்பிட்டார். நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பாதி சாப்பிட்டதும் நிறுத்தி, மீதியை என் பக்கம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். கொட்டைப் பக்கம் புளித்தது. மற்றபடி நல்ல பழம்.